புள்ளி எந்தக் கட்டத்தில்? குறுக்கெழுத்துக்குப் புதியவர்களுக்கு

ஞாயிறு காலையில் பத்திரிகை வந்ததும் எங்கள் வெள்ளவத்தை வீட்டில் அது மூன்றாகப் பிரிந்துவிடும். அரசியல் பக்கங்கள் அப்பாவுக்கு, மரண அறிவித்தல் பக்கம் அம்மாவுக்கு, குறுக்கெழுத்து இருக்கும் பக்கம் எனக்கு. பேனையைத் திறந்து உற்சாகமாகத் தொடங்குவேன். பத்தாவது நிமிடத்தில் கைத்தொலைபேசியைத் தேடுவேன். அரை மணி நேரத்தில், அதே தொடர்மாடியில் கீழே குடியிருக்கும் மாஸ்டரின் கதவு மணியை அழுத்திக்கொண்டு நிற்பேன்.

மாஸ்டர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவரிடம் உதவி கேட்கப் போய் இது நான்காவது ஆண்டு. இதுவரை ஒரு விடையைக்கூட அவர் நேராகச் சொன்னதில்லை. "எத்தனை கட்டம், பிள்ளை? புள்ளி எந்தக் கட்டத்தில்? எண் எந்தக் கட்டத்தில்?" இந்த மூன்றையும் கேட்பார். நான் பதில் சொல்வேன். "பிறகென்ன?" என்று பத்திரிகையைத் திருப்பித் தந்துவிடுவார். ஆரம்பத்தில் இதைக் கஞ்சத்தனம் என்றே நினைத்தேன். அந்த மூன்று கேள்விகளுக்குள் பாதி விடை ஒளிந்திருக்கிறது என்று புரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு பிடிக்க வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒருபோதும் குறுக்கெழுத்தைத் தொட்டிராதவர்களுக்கு முதலில் இரண்டு வரி. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள். ஒரு வெள்ளைக் கட்டத்துக்கு ஓர் எழுத்து. சில சொற்கள் இடமிருந்து வலமாகவும் சில மேலிருந்து கீழாகவும் போகும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் உள்ள எழுத்து இரண்டு சொல்லுக்கும் பொது. சொல் தொடங்கும் கட்டத்தின் மூலையில் சிறிதாக ஓர் எண் இருக்கும்; அந்த எண்ணுக்கான குறிப்பைப் பக்கத்தில் தந்திருப்பார்கள். 1913 டிசம்பர் 21 அன்று நியூயோர்க் வேர்ல்ட் பத்திரிகையில், லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்பவர் இதை முதன்முதலில் சாய்சதுர வடிவத்தில் வெளியிட்டார். அந்த முதல் புதிரிலேயே உச்சியில் ஒரு சொல்லை அவரே நிரப்பிக் கொடுத்திருந்தார். ஆகவே உதவி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆங்கிலக் குறுக்கெழுத்தில் பழகியவர்கள் தமிழுக்கு வந்ததும் தடுமாறுவது எழுத்து எது என்பதில்தான். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, மொத்தம் 247. இதற்குமேல் ஜ, ஷ, ஸ, ஹ வரிசைகளும் வரும். கொம்பும் காலும் தனிக் கட்டம் பெறா. 'கோ' ஒரே கட்டம். புள்ளி வைத்த எழுத்துக்கு முழுக் கட்டம் உண்டு. கொழும்பு என்பது கொ, ழு, ம், பு, நான்கு கட்டம். கணினியில் எழுத்தெண்ணும் கருவியிடம் கொடுத்தால் இதற்கே எட்டு என்று சொல்லக்கூடும். அது கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. விடை தேடும்போது இயந்திரத்தின் எண்ணிக்கையை நம்பாதீர்கள். விரலை மடக்கி எண்ணுங்கள்.

247 என்றதும் பயம் வரும். எனக்கும் வந்தது. உண்மையில் அது நிரப்புகிறவருக்குச் சாதகம். கட்டம் போடுகிறவருக்குத்தான் தலைவலி. ஆங்கிலத்தில் குறுக்கே ஓர் எழுத்துக் கிடைத்தால், அதை வைத்திருக்கும் சொற்கள் ஆயிரக்கணக்கில் மிஞ்சும். தமிழில் 'டை' என்று ஒரு கட்டம் கிடைத்துவிட்டால், அந்த இடத்தில் சரியாக 'டை' வைத்திருக்கும் சொற்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிடும். உயிர், மெய் இரண்டும் ஒன்றாக அங்கே உட்கார்ந்திருக்கின்றன அல்லவா? அதனால்தான் நம் பத்திரிகைக் கட்டங்களில் சொற்கள் ஒன்றையொன்று அடிக்கடி வெட்டுவதில்லை. அப்படி வெட்டும் ஒரே ஒரு கட்டத்துக்கு மதிப்பு மிக அதிகம்.

என் பழைய தவறு ஒன்றையே இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். குறிப்பு: இலங்கையின் மிக நீளமான ஆறு. நான்கு கட்டம். 335 கிலோமீற்றர் ஓடும் அந்த ஆற்றின் பெயரை ஆங்கிலப் பலகைகளிலும் சிங்கள உச்சரிப்பிலும் கேட்டுப் பழகிய நான், மகாவெலி என்று பேனையால் அழுத்தி எழுதிவிட்டேன். மூன்றாம் கட்டத்திலிருந்து கீழே இரண்டு கட்டச் சொல்: உளுந்தில் செய்வது, நடுவில் துளை இருக்கும். வடை என்று யாருக்கும் தெரியும். என் கட்டத்தில் 'வெ' இருக்கிறது. வெடை என்று ஒரு பலகாரம் எங்கும் இல்லை. ஆனாலும் நான் ஆற்றைச் சந்தேகிக்கவில்லை, வடையைத்தான் சந்தேகித்தேன். கால்மணி நேரம் வேறு பலகாரம் தேடினேன். மாஸ்டர் பார்த்துவிட்டு, "நீர் வடையை நம்பும்" என்று மட்டும் சொன்னார். ஆறு மகாவலி ஆனது, பத்திரிகையில் மைக்கறை மிஞ்சியது. அன்றுதான் பென்சிலும் அழிறப்பரும் வாங்கினேன். எது உறுதியாகத் தெரிகிறதோ அதை முதலில் எழுதி, மற்றதை அதற்கு இணங்க வைக்க வேண்டும். பெரிய சொல் என்பதற்காக அதற்கு முன்னுரிமை கிடையாது.

இப்போது புள்ளிக்கு வருவோம். மாஸ்டரின் இரண்டாவது கேள்வி இதுதான். பள்ளிக்கூடத்தில் நன்னூலில் இருந்து படிப்பித்த மெய்ம்மயக்கம் நினைவிருக்கிறதா? எந்த மெய்யெழுத்துக்குப் பின் எந்த எழுத்து வரலாம் என்ற பாடம். பரீட்சைக்குப் பாடமாக்கி மறந்துபோன பகுதி. குறுக்கெழுத்தில் உட்கார்ந்தால் அது ஒரு திறப்புக்கோர்வை.

'ங்' விழுந்திருந்தால் அடுத்த கட்டம் க வரிசைதான்: சங்கு, வங்கி, நங்கை. அங்ஙனம், இங்ஙனம் போன்ற ஒன்றிரண்டு சொற்கள்தான் இதற்கு விலக்கு. 'ஞ்' என்றால் ச வரிசை, அல்லது விஞ்ஞானம் மாதிரி இன்னொரு ஞகரம். 'ந்' என்றால் பெரும்பாலும் த வரிசை, 'ம்' என்றால் பெரும்பாலும் ப அல்லது ம வரிசை. ண், ன் இரண்டுக்கும் கொஞ்சம் தாராள மனம். வண்டி, கிண்ணம், நண்பர், உண்மை என்றும் கன்று, அன்னம், அன்பு, நன்மை என்றும் பலரோடு சேரும்.

க், ச், த், ப் நான்கும் தமிழ்ச் சொல்லில் தம் வீட்டுக்காரரோடு மட்டுமே சேரும்: அக்கா, பச்சை, பத்து, உப்பு. 'க்' விழுந்த கட்டத்துக்கு அடுத்தது க வரிசை இல்லை என்றால் அது சக்தி, பக்தி மாதிரி வடமொழிச் சொல்லாக இருக்கும், அல்லது எங்கோ பிழை நேர்ந்திருக்கும். ட், ற் இரண்டும் கட்சி, நட்பு, முயற்சி, கற்பனை என்று வெளியே போய் வரும்.

எனக்கு மிகப் பிடித்தது அடுத்த விதி. அடுத்தடுத்து இரண்டு கட்டங்களில் புள்ளி விழுந்தால் முதல் புள்ளி ய், ர், ழ் மூன்றில் ஒன்று. பாய்ச்சல், தேர்ச்சி, மகிழ்ச்சி, வாழ்க்கை. இறக்குமதியான சொற்களை ஒதுக்கிவிட்டால் இது அநேகமாகத் தவறாது. இதோடு இன்னொன்று: தனிக் குறிலுக்குப் பின் ர், ழ் வருவதில்லை. ஆகவே இரண்டாம் கட்டத்தில் 'ர்' இருந்தால் முதல் கட்டம் நெடில்; குறில் என்றால் சொல் வடமொழி வழி வந்திருக்கிறது. சென்ற மாதம் ஒரு குறிப்பு: அரசாங்க அறிவித்தல்கள் வெளியாகும் ஏடு, ஆறு கட்டம். குறுக்கே வந்த சொல் மூன்றாம் கட்டத்தில் 'த்' தந்தது. அப்படியானால் நான்காவது த வரிசை. முன்னும் பின்னும் யோசித்து இரண்டாவதில் 'ர்' போட்டுப் பார்த்தேன். ஏடு என்றால் நம் ஊரில் வேறென்ன? வர்த்தமானி.

மூன்றாவது கேள்வி, எண் எந்தக் கட்டத்தில் என்பது. எண் இருக்கும் கட்டத்தில் ஒரு சொல் தொடங்குகிறது. தமிழ்ச் சொல் எதுவும் புள்ளியில் தொடங்காது. ஆகவே எண் உள்ள கட்டத்தில் புள்ளி எழுத்து வர முடியாது. இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்திருந்தாலே நிறையத் தவறான யூகங்கள் எழுதுவதற்கு முன்பே உதிர்ந்துவிடும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவையும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. எண் உள்ள கட்டத்தில் குறுக்குச் சொல் 'ர' கொடுத்தால், ரதம், ரப்பர் போல வந்து சேர்ந்த சொல்லைத் தேடுங்கள். ஆனால் கவனம்: நம் பத்திரிகைகள் ரப்பரை றப்பர் என்றும் எழுதும். வந்து சேர்ந்த சொற்களின் எழுத்துக்கூட்டல் இங்கே ஆளுக்கொரு மாதிரி. குறுக்கெழுத்தில் நியாயமாகக் கோபப்படக்கூடிய இடம் இதுதான்.

சொல்லின் கடைசியில் வல்லின மெய் நிற்பதில்லை என்பதும் தெரிந்ததுதான். கடைசிக் கட்டத்தில் புள்ளி விழுந்தால் அது ம், ன், ர், ல், ள், ண், ய், ழ் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

இவ்வளவையும் கற்றுக்கொண்டு போய் உட்கார்ந்தால், குறிப்பின் வாலில் 'திரும்பியுள்ளது' அல்லது 'குழம்பியுள்ளது' என்று எழுதியிருக்கும். புதியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். திரும்பியுள்ளது என்றால் சொல் கடைசி எழுத்திலிருந்து எழுதப்பட்டிருக்கிறது. குழம்பியுள்ளது என்றால் எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கின்றன. முன் சொன்னபடி 247 எழுத்துகளோடு கட்டம் போடுகிறவருக்குச் சொற்கள் நேராகப் பொருந்துவதில்லை. புரட்டியும் கலக்கியும் பொருத்திவிடுகிறார். இத்தகைய சொல்லுக்கு வரிசை பற்றிய விதிகள் செல்லாது. எண் உள்ள கட்டத்தில் 'ம்' தாராளமாக வரலாம். ஆனால் கூட்டு பற்றிய விதி செல்லும். நான்கு கட்டம், 'மனிதர் நடத்துவது. குழம்பியுள்ளது' என்று குறிப்பு. முதல் கட்டத்தில் 'க்', மூன்றாவதில் 'வா' கிடைத்துவிட்டன. 'க்' தனியாக இருக்காது, க வரிசையில் ஒன்று மீதி இரண்டு கட்டங்களில் எங்கோ இருக்கிறது. வா, க், க-வரிசை, இன்னும் ஒன்று. வாழ்க்கை. கட்டத்தில் அது க், கை, வா, ழ் என்று கிடந்தது. விகடகவி என்ற சொல்லைத் திரும்பியுள்ளது என்று போட்டு யாராவது ஏமாற்றுவார்களா என்று காத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை.

எழுத்து விதிகள் கட்டத்தைச் சுருக்கும். ஆனால் சொல் தெரியாவிட்டால் சுருங்கிய கட்டம் வெறும் கட்டம்தான். தமிழ்க் குறுக்கெழுத்துக் குறிப்புகளில் பெரும்பங்கு 'இதன் மறுபெயர்' வகை. தாமரை என்று மட்டும் போட்டிருக்கும். மூன்று கட்டம் என்றால் முளரி. நான்கு என்றால் கமலம் அல்லது நளினம். ஐந்து என்றால் பங்கயம் அல்லது அம்புயம். ஆறு என்றால் அரவிந்தம். நான்கு கட்டச் சொற்கள் இரண்டுக்கும் முடிவு 'ம்'தான். ஐந்து கட்டச் சொற்களுக்கும் அப்படியே. கடைசி எழுத்துக் கிடைத்து ஒரு பயனும் இல்லை. இரண்டாம் எழுத்துக் கிடைத்தால் உடனே தெரிந்துவிடும்: ம என்றால் கமலம், ளி என்றால் நளினம், ங் என்றால் பங்கயம், ம் என்றால் அம்புயம். அதனால் ஒரு சொல்லுக்குப் பல விடை தோன்றினால், அதன் இரண்டாம் கட்டத்தை வெட்டிப் போகும் சொல்லை முதலில் முயலுங்கள்.

இரண்டாம் எழுத்து ஒத்து வருவதைத்தான் எதுகை என்கிறோம். நம் முன்னோர் இதை வைத்தே சொற்களை அடுக்கியிருக்கிறார்கள். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனனம் செய்த சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்கு உள்ள பல பொருள்களை எதுகை வரிசையில் தருகிறது. வீரமாமுனிவர் 1732 இல் செய்த சதுரகராதியைப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம். அதற்கு நான்கு பகுதிகள். பெயரகராதி சொல்லுக்குப் பொருள் சொல்லும். பொருளகராதி ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைச் சொல்லும். தொகையகராதி ஐம்பூதம், முக்கனி போன்ற தொகைகளைப் பிரித்துக் காட்டும். தொடையகராதி எதுகைச் சொற்களை அடுக்கித் தரும். குறுக்கெழுத்து பிறப்பதற்கு 181 ஆண்டுகளுக்கு முன்பே அதை நிரப்பத் தேவையான நான்கு கருவிகளையும் ஒருவர் ஒரே நூலில் செய்து வைத்துவிட்டார். கவிதை எழுதுகிறவர்களுக்காகத்தான் செய்தார், அது வேறு விடயம்.

தொகை வகைக் குறிப்பு வார இதழ்களில் அடிக்கடி வரும். 'ஐம்பூதங்களில் ஒன்று', மூன்று கட்டம். நீரும் தீயும் எண்ணிக்கையிலேயே விழுந்துவிடும். மிஞ்சுவது நிலம், காற்று, வானம். கடைசி 'று' என்றால் முடிந்தது. 'ம்' என்றால் இன்னும் ஒரு குறுக்கு வேண்டும்.

அகராதிகளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி பெரிய துணை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இன்று இணையத்திலும் கிடைக்கிறது. யாழ்ப்பாண வழக்குச் சொற்களை அது அப்படியே குறியிட்டுச் சேர்த்திருப்பது நமக்கு இலாபம். புத்தகமாகப் புரட்ட வேண்டுமென்றால் வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. பழைய ஈழத்து வெளியீடுகளுக்கு நூலகம் நிறுவனத்தின் இணையத்தளம். விக்சனரியையும் ஒதுக்க வேண்டாம்.

ஆனால் கைத்தொலைபேசியில் தேடினால் வந்து நிற்பவை பெரும்பாலும் இந்தியத் தமிழ்ச் சொற்கள். இருக்கை என்ற குறிப்புக்கு நாற்காலி என்று சொல்லும். நம் கட்டம் மூன்றுதான் இருக்கும், விடை கதிரை. ரொட்டி என்று அடம்பிடிக்கும்; கட்டம் இரண்டு, விடை பாண். சப்பாத்து, அலுமாரி, பெறுபேறு, புகையிரதம், தவறணை. இவையெல்லாம் இந்தத் தீவின் பத்திரிகைகளில் அன்றாடச் சொற்கள். கட்ட எண்ணிக்கை பொருந்தாதபோது அகராதியை மாற்றுவதற்கு முன், நம் வீட்டில் இதை என்னவென்று சொல்வோம் என்று ஒருமுறை யோசியுங்கள். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள் குறுக்கெழுத்தில் மிகவும் உதவும். சின்னவை, கட்டத்துக்குள் அடக்கமானவை.

மனிதர்களிடம் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. "ஒரு சொல் வேண்டும், மரம், உங்களுக்குத் தெரியுமா?" என்று அடுப்படியில் நிற்கும் அம்மாவிடம் கேட்டால் வேம்பு தொடங்கிப் பத்து மரம் சொல்லிவிட்டு எரிச்சலாவார். குறிப்பை அப்படியே வாசியுங்கள். கட்டத்தைச் சொல்லுங்கள். கிடைத்த எழுத்துகளை இடத்தோடு சொல்லுங்கள்: "நான்கு கட்டம், இரண்டாவது ளி, கடைசி ம்." நீங்கள் யூகித்ததைச் சொல்லாதீர்கள், சொன்னால் அவரும் அந்த யூகத்திலேயே சிக்கிக்கொள்வார். யாரிடம் எதைக் கேட்பது என்பதும் முக்கியம். செடி, மூலிகை, சமையல் சாமான் என்றால் அம்மம்மா. நடிகர், கிரிக்கெட் என்றால் தம்பி. புராணப் பாத்திரம் என்றால் கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசைக்காரர் மட்டக்களப்பு. கிழக்கின் ஊர்ப்பெயர்களை அவரைவிட்டால் யாரிடமும் கேட்க மாட்டேன்.

அடுத்த வாரம் சரியான விடைகள் வெளியாகும். பழைய தாளை எறியாமல் வைத்திருந்து, நிரப்பாமல் விட்ட கட்டங்களுக்கு விடையைப் பார்த்துவிட்டுக் குறிப்பை மறுபடி வாசிப்பேன். கட்டம் போடுகிறவர்கள் தம் பழக்கத்தை எளிதில் மாற்றுவதில்லை. அதே தாமரையும் அதே ஆறும் மூன்று மாதத்தில் திரும்பி வரும். நான் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். சென்னையில் அச்சிட்ட எந்தத் தடித்த புத்தகத்தையும்விட அது எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

போன ஞாயிறு நான் கீழே இறங்குவதற்கு முன்பே எங்கள் வீட்டு மணி அடித்தது. வாசலில் மாஸ்டர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கையில் மடித்த பத்திரிகையோடு நின்றார். "பிள்ளை, இந்தக் குறிப்பில் பிழை இருக்கிறது. கைத்தொலைபேசிக்குள் இறக்கி வைத்துக்கொள்வது என்று போட்டிருக்கிறான். விடை செவிலி என்று வருகிறது. தாதியை எப்படித் தொலைபேசிக்குள் இறக்குவது?" பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். செ, வெற்றுக் கட்டம், லி. செயலி என்ற சொல் என் நாக்கு நுனியில் நின்றது. கதவைப் பிடித்துக்கொண்டு, "எத்தனை கட்டம், மாஸ்டர்?" என்று கேட்டேன்.